பனிப்புகையில் மண்டியிட்டவளுக்கு

சென்ற ஞாயிறு மைசூருவில் அலுவலகத் தோழி ஒருத்தியின் திருமண வரவேற்பு. மணமக்கள் மேடையேறும்போது இருபுறமும் வெண்புகை பொங்கி முழங்கால் உயரத்துக்குப் பரவியது. எல்லோரும் கைபேசியைத் தூக்கினார்கள். நான் எழுந்து போய் மண்டபத்தின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டேன். "ஏசி ஓடுதும்மா" என்றார் ஒருவர். நான் அடுத்த கதவுக்குப் போனேன். நீ போய் மூன்று வருடமாகிறது.

ஹெப்பாள் அலுவலகத்தில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. வாரமெல்லாம் மென்பொருளில் பிழை தேடுவாய். விடுமுறை நாளில் வேறொருத்தியாகிவிடுவாய். ஃபோம் ஷீட்டை வெட்டி, சூடு காட்டி வளைத்து, பசை போட்டு ஒட்டித் தோள்கவசமும் தலைக்கவசமும் செய்வாய். கதைகளில் வரும் வீராங்கனைகளாக வேடமிட்டு உன்னை நீயே படமெடுத்துக்கொள்வாய். "வேற யாராவது கேமரா பிடிச்சா எனக்கு மொகம் இறுகிப்போயிரும் கணே" என்பாய். 'டீ' போடும் இடத்திலெல்லாம் உனக்குக் கன்னடத்து 'கணே'தான்.

மண்டி மொஹல்லாவில் சாக்குக் கடைக்கு மேலிருந்த அறையை ஸ்டுடியோவாக்க நானும் வந்தேன். வெளிச்சம் நுழையக் கூடாதென்று சன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டியது நான். கதவிடுக்கில் துணி திணித்ததும் நான். நீ தரையில் சுண்ணக்கட்டியால் குறி போட்டாய்: இங்கே விளக்கு, இங்கே ட்ரைபாட், இங்கே நான். ஏரிக்கடியில் மண்டியிட்டபடியே உறங்கும் படைத்தலைவி ஒருத்தியை நீயே கற்பனை செய்திருந்தாய். தண்ணீருக்குப் பதில் புகை. அதற்காக டிரை ஐஸ் என்கிற உலர்பனிக்கட்டி வாங்கி வெந்நீர்ச் சட்டியில் போட்டோம்.

ஒத்திகையன்று, தரையில் வைத்திருந்த அகல்விளக்கு அணைந்தது. அறையில் காற்றே இல்லை. நீ மறுபடி ஏற்றினாய். புகை சுடரைத் தொட்டதும், யாரோ விரலால் நசுக்கியது போல மறுபடி அணைந்தது.

"இது ஏன் இப்படி?" என்றேன். எனக்குத் தலை கனத்தது.

"சும்மா இரு கணே. படத்துக்கு நல்லாத்தான இருக்கு?"

நானும் சிரித்தேன்.

மறு ஞாயிறு நான் வீட்டாரோடு மாதேஸ்வரன் மலைக்குப் போய்விட்டேன். காலையில் நீ அழைத்தாய். "நீ வந்தப்புறம் எடுக்கட்டுமா?"

"வேணாம், அதுக்குள்ள பனி காணாமப் போயிரும். எடுத்துடு."

மதியம் நான் அழைத்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. கீழ்க்கடைக்காரரைக் கைபேசியில் கூப்பிட்டேன். அவர் கதவை உடைத்து உள்ளே போனபோது, குறி போட்ட இடத்திலேயே நீ குப்புறக் கிடந்தாய். அந்தப் பனியிலிருந்து வருவது கரியமில வாயு, காற்றைவிடக் கனமானது, மூடிய அறையில் தரையோடு தேங்கும், அங்கே மண்டியிட்டவருக்கு மூச்சுக்காற்று மிஞ்சாது என்று மருத்துவர் சொன்னார். விளக்கு அதை ஒரு வாரம் முன்பே சொல்லியிருந்தது.

உன் கேமராவைப் பத்து விநாடிக்கு ஒருமுறை தானாகப் படமெடுக்கும்படி வைத்திருந்தாய். திறந்து பார்க்கத் தெரியாத உன் அம்மா அதை என்னிடம் கொடுத்தார். முதல் படங்களில் நீ நினைத்தபடியே இருக்கிறாய்: மடியில் வாள், மூடிய கண்கள். பிறகு ஒன்றில் உன் கை தலைக்கவசத்தின் வாரைத் தேடுகிறது. அடுத்ததில் முகம் கதவுப் பக்கம் திரும்பியிருக்கிறது, கண்கள் திறந்திருக்கின்றன. அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கில் வெறும் வெண்மை.

வரவேற்புக்கு மறுநாள், உன் அம்மா இருக்கும் ஹனூருக்குப் பேருந்தேறினேன். சன்னலை அடைத்ததையும், விளக்கு அணைந்ததையும், எடுத்துடு என்று சொன்னதையும் உன் அம்மாவிடம் சொன்னேன். கையிலிருந்த தம்ளரை அவர் கீழே வைத்தார்.

"இத்தன நாளா ஏங்கண்ணு சொல்லல?"

"பயமா இருந்துதுங்கம்மா."

அவர் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"படத்துல அவ பயந்திருந்தாளா?"

"இல்லீங்கம்மா. தூங்குறாப்பலதான் இருந்தா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டார். நான் சாப்பிட்டேன்.

நீ கண் திறந்து கதவைப் பார்க்கும் அந்த ஒரு படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பலமுறை அழிக்கப் போய் நிறுத்தியிருக்கிறேன். அழித்துவிட்டால், நீ வெளியே வரப் பார்த்தாய் என்பதற்கு எங்கேயும் சாட்சி இருக்காது.