போனைத் தரையில் வையுங்கள்

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் இருமல் நின்றதா? நான் நலம்தான். போனில் கேட்கப் பயமாக இருப்பதால் எழுதுகிறேன்.

நான் வேலை செய்யும் குழந்தைகள் காப்பகத்தில் நேற்று மூன்று வயது ஃபிக்ரி, இரண்டு படி இறங்கத் தெரியாமல் நின்று அழுதான். "இருபதாவது மாடி வீடு. லிஃப்டு, இல்லன்னா அம்மா இடுப்பு. காலு எப்படிப் பழகும் லா?" என்று இந்த ஊர் 'லா' போட்டு, உடன் வேலை செய்யும் குணவதி அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் யாழினியை ஒன்பது மாதக் குழந்தையாக உங்களிடம் விட்டுவிட்டு இந்த வெளிநாட்டுக்கு வந்தேன். இப்போது இரண்டு வயது. அவள் நடந்து நான் பார்த்ததே இல்லை. முகம் தெரியவேண்டும் என்று தினமும் வீடியோவில் தூக்கிக் காட்டச் சொன்னவள் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை போனைத் தரையில் சாய்த்து வையுங்கள். அவளைக் கதவருகே இறக்கிவிடுங்கள். விழுந்தாலும் தூக்காதீர்கள், நான் போனிலிருந்து அவளைக் கூப்பிடுகிறேன்.

வேலைக்குப் போகும் ஃபெரிப் படகுக்கு நேரமாகிவிட்டது. ஞாயிறு வரை, அவள் நடக்கிறாளா இல்லையா என்று எதுவும் சொல்லவேண்டாம்.

தேன்மொழி