பார்ப்பதற்கு ஒரு ஃபேன்

அம்மா, இன்று முந்திரி ஆலையில் உன் இடத்தில் உட்கார்ந்ததும் முதலில் கண்ணில் பட்டது தலைக்கு மேலே இருந்த ஃபேன்தான். அதன் இறக்கைகளுக்கு நடுவே சிலந்தி வலை. வலை முழுக்க முந்திரித் தோல் ஒட்டிப் பழுப்பாகிக் கிடந்தது.

நீ இங்கே மயங்கி விழுந்து இறந்துபோன அன்று, நம் வீட்டு முற்றத்தில் எல்லோர் முன்னாலும் நின்று சூப்பர்வைசர் சொன்னார்: "ஃபேன் நல்லா கறங்கிட்டுத்தான் இருந்து. அவளுக்கு முன்னமே சூக்கேடு உண்டும்." ஊர் தலையாட்டியது. உனக்கு ஒரு நோயும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் இருந்தால் எனக்குக் குரல் வராது என்பது உனக்குத் தெரியும்.

பிறகு அவரே ஆளனுப்பி உன் வேலையை எனக்குக் கொடுத்தார். கேட்காமல் வந்த அந்த இரக்கத்தையும் நான் நம்பவில்லை.

வெயில் இன்னும் தணியவில்லை அம்மா. திற்பரப்பு அருவியில் தண்ணீர் நூலாகத்தான் விழுகிறதாம். நம் கிணற்றில் வாளி சேற்றில் முட்டுகிறது. இந்தத் தகரக் கூரைக்குக் கீழே மூச்சு விடுவதே ஒரு வேலையாக இருக்கிறது.

மாலையில் நீ திரும்பும்போது ஜாக்கெட்டின் முதுகில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். "அங்க ஃபேன் இல்லியாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன். "உண்டும் மக்களே. சும்மா கண்ணால பாக்கியதுக்கு" என்றாய். நீ சிரித்ததால் நானும் சிரித்துவிட்டேன்.

இந்த ஃபேனில் இருப்பது நீ போன பிறகு கட்டிய வலையாகவும் இருக்கலாம். அதையும் யோசித்தேன். பக்கத்தில் பருப்பின் தோலைச் சுரண்டிக்கொண்டிருந்த லீலா அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அக்கா, இது எப்பளாவது கறங்குமா?"

அவள் பருப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே என் வாயை அடக்கினாள். "ஏட்டி, மிண்டாம இரி. உனக்க அம்மையும் விழுந்த அண்ணைக்கு இதத்தான் கேட்டா."

"அதுக்கு சூப்பர்வைசர் என்ன சொன்னாரு?"

"காத்துல தோலு பறந்து பருப்புல கலந்துரும்னாரு."

சூப்பர்வைசர் வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். சுவிட்ச் அவருக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது. மடியில் கிடந்த தோலைத் தட்டிவிட்டு எழுந்தேன். எல்லோரும் பார்க்க நடந்துபோய் சுவிட்சைப் போட்டேன்.