வெறும் தட்டில் பத்து கிலோ

மார்ச் 3, செவ்வாய்

மறுபடியும் அந்தப் பேனா மூடி. கனவில் அதைத் தொலைத்துவிட்டு, அலுவலக மேஜைக்கு அடியில் தவழ்ந்து தேடி, விக்கி விக்கி அழுதிருக்கிறேன். எழுந்து தொட்டுப் பார்த்தால் தலையணை நிஜமாகவே ஈரம். நாற்பத்தேழு வயது, முத்திரை ஆய்வாளர், என் தலையைக் கண்டாலே கடைக்காரர்கள் தராசைத் துடைக்க ஆரம்பிப்பார்கள். நான் ஒரு மூடிக்காக அழுகிறேன்!

பல் துலக்கி முடிப்பதற்குள் எல்லாம் போய்விட்டது. பகலில் நான் எதற்கும் அழுவதில்லை. அப்பா போனபோதுகூட யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தவள்.

இன்று இறைச்சிக் கடையில் ஒரு தராசு நாற்பது கிராம் கூடுதலாகக் காட்டியது. "காத்துக்கு ஆடுது மேடம்" என்றார் கடைக்காரர். "அப்ப காத்தை நிறுத்திட்டுக் கூப்பிடுங்க" என்றேன்.

மார்ச் 5, வியாழன்

பூட்டுக்காரர் வந்தார். அவரைப் பற்றி இங்கே நான் உருப்படியாக ஒருநாளும் எழுதியதில்லை. போன வருஷம் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு நான் வாசலில் நின்றபோது, நாலே நிமிஷத்தில் கதவைத் திறந்தார். பிறகு ஒரு டீயைக் குடிக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். மனைவி இறந்து ஆறு வருஷம். மகள் வேலைக்காக வேறு ஊரில்.

கல்யாணப் பதிவுக்கான படிவத்தைக் கொண்டுவந்திருந்தார். அவர் பக்கம் எழுதியாகிவிட்டது. என் பக்கம் வெறுமை. இருபதாம் தேதிக்குள் கொடுத்தால் ஏப்ரல் ஆறு கிடைக்குமாம். "அவசரம் இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார், கதவுக் கீலைப் பற்றிப் பேசுகிற அதே குரலில்.

யோசிக்காமலா இருக்கிறேன்? அவர் வந்தால் நன்றாக இருக்கிறது. போனால் டம்ளரைக் கழுவுகிறேன். இதற்குப் பெயர் காதலா? கனவில் முகமே இல்லாத ஒருத்தன் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சந்தோஷத்தில் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. பூட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கு இடம் கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான்.

மார்ச் 6, வெள்ளி

தங்கச்சி போனில் பிடித்துக்கொண்டாள். "உனக்கென்ன பதினெட்டு வயசா, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்க? இந்த வயசுல அடிச்சுக்கிட்டா டாக்டரைத்தான் பாக்கணும்."

"கனவுல அடிச்சுக்குதேடி."

"அப்ப கனவுல வர்றவனையே கட்டிக்கோ. முகம் இருக்கான்னு மட்டும் பாத்துக்கோ."

வாய்க்கொழுப்பு. ஆனாலும் சிரித்துவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

நீளமான ஒரு தாழ்வாரம். யாரும் இல்லை, எதுவும் இல்லை, எதுவும் நடக்கவும் இல்லை. பயத்தில் கத்திக்கொண்டு எழுந்தேன்.

மார்ச் 14, சனி

கனவில் யாரோ போனில் சொல்கிறார்கள்: "பூட்டுக்காரர் தவறிட்டார்." நான் "அப்படியா" என்கிறேன். சொல்லிவிட்டு, பேனா மூடியைத் தேடப் போகிறேன். அதற்காகத்தான் அழுகிறேன், வாய்விட்டு. அவருக்காக ஒரு சொட்டு இல்லை.

எனக்குள்ள என்னதான் இருக்கு? பகல்ல மரியாதைக்காகச் சிரிக்கலாம், இரக்கத்துல டீ போட்டுக் கொடுக்கலாம். கனவுல யாருக்காக நடிக்கணும்? அப்ப அதுதானே உண்மை? ஒண்ணுமே இல்லாம ஒரு மனுஷன் வாழ்க்கைக்குள்ள போய் எப்படி உட்கார்றது—

அதே நாள், மாலை

சொல்லிவிட்டேன். சமையலறை ஜன்னலின் கொக்கியைச் சரிசெய்துகொண்டிருந்தார். "இது சரிப்பட்டு வராதுங்க" என்றேன். காரணத்தையும் சொன்னேன், மூதேவி மாதிரி, முழுசாக.

"கனவுல நான் எப்படிப் போனேன்?"

"அதெல்லாம் சொல்லல."

"சரி."

கடைசித் திருகாணியையும் முடுக்கிவிட்டு, கொக்கியை இரண்டு தடவை போட்டுத் திறந்து பார்த்தார். அப்புறம் தன் வளையத்திலிருந்து என் வீட்டு மாற்றுச் சாவியைக் கழற்றினார். வராமல் அடம்பிடித்தது. ஊரில் உள்ள பூட்டையெல்லாம் திறக்கிறவருக்கு அந்த ஒரு சாவியைக் கழற்ற முடியவில்லை, நகம் உடைந்தது. ஒருவழியாகக் கழற்றி மேஜையில் வைத்தார். வாசலில் வழக்கம்போல "வர்றேன்" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மார்ச் 15, ஞாயிறு

பெரிதாக ஒன்றும் இல்லை. வயிற்றுக்கு மேலே கொஞ்சம் கனம். பசி இல்லை. துணி துவைத்தேன்.

மார்ச் 16, திங்கள்

அதே கனம். அதே இடம். தங்கச்சி கூப்பிட்டாள், நான் போனை எடுக்கவில்லை. எடுத்தால் திட்டுவாள், அதுவும் நியாயமாகத் திட்டுவாள்.

மார்ச் 17, செவ்வாய்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் காய்கறிச் சந்தை. ஒரு கடைக்காரர் தன் மின்தராசைத் தூக்கிக்கொண்டு அவராகவே ஓடிவந்தார். "மேடம், இதுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு. பச்சை மிளகாய் வச்சாலும் பத்து கிலோ, பூசணிக்காய் வச்சாலும் பத்து கிலோ. வேணும்னா நீங்களே பாருங்க!"

எடைக்கல்லை வைப்பதற்கு முன்னால் நாங்கள் வெறும் தட்டைத்தான் பார்ப்போம். ஒன்றும் வைக்காதபோது பூஜ்ஜியம் காட்ட வேண்டும். இது ஒன்றும் வைக்காமலேயே பத்து காட்டியது. நிராகரிப்புச் சீட்டை எழுத ஆரம்பித்தவள், பாதியில் பேனாவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். "என்ன மேடம், அபராதமா?" என்று அவர் பயந்துபோனார். "உங்களுக்கு இல்ல" என்றேன்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். பேனா மூடி: பத்து. முகமில்லாதவன்: பத்து. ஆளரவமற்ற, ஒன்றுமே இல்லாத தாழ்வாரம்: அதற்கும் பத்து. ஆனால் ஒரு நல்ல மனிதர் செத்தால் மட்டும் பூஜ்ஜியம். எவனாவது இப்படி ஒரு தராசைக் கடையில் வைத்திருந்தால் அன்றைக்கே பூட்டுப் போட்டிருப்பேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அந்தத் தராசு சொன்னதைக் கேட்டு அவரை வீட்டை விட்டு அனுப்பியிருக்கிறேன்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஒரே கல்லை மூன்று தடவை வைத்துப் பார்ப்போம், மூன்று தடவையும் ஒரே எடை காட்ட வேண்டும். கனவில் வருகிற பத்து, பல் துலக்கினால் காணாமல் போகிறது. வயிற்றுக்கு மேலே இருக்கிற இந்தக் கனம் போகவில்லை. ஞாயிறு இருந்தது, திங்கள் இருந்தது, இன்று சந்தை இரைச்சலிலும் இருந்தது. ரொம்பப் பெரிதெல்லாம் இல்லை. மிஞ்சிப்போனால் இரண்டு. ஆனால் மூன்று நாளும் அதே இரண்டு.

இவ்வளவு நாளாக இதைத்தான் 'ஒன்றும் இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தேனா? அடி மடச்சி.

மார்ச் 18, புதன்

சாப்பாட்டு இடைவேளையில் அவர் கடைக்குப் போனேன். உள்ளே ஒருத்தர் மாற்றுச் சாவிக்காகக் காத்திருந்தார். சாவி வெட்டும் இயந்திரம் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"சாவி தொலைஞ்சு போச்சா?" என்றார் பூட்டுக்காரர், முகத்தைப் பார்க்காமல்.

"இல்ல. சனிக்கிழமை நான் சொன்னது தப்பு." சத்தத்தில் கேட்கவில்லை. "தப்பு, தப்பு!" என்று கத்த வேண்டியதாயிற்று. படிவத்தை நீட்டினேன். இயந்திரத்தை நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு, என் பக்கத்தை வரி விடாமல் படித்தார்.

"வயசு நாப்பத்தேழா? நாப்பத்தஞ்சுன்னு சொன்னீங்க?"

"அது கடைக்காரங்களுக்குச் சொல்றது."

"நானும் கடைதான வச்சிருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. நடுப்பகல், விழித்துக்கொண்டு நிற்கிறேன், துடைக்கத் தோன்றவில்லை. அப்பாடா என்று இருந்தது. நாலு நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டேன் போலிருக்கிறது.

"நல்ல விஷயந்தான், சந்தோஷம்" என்றார் காத்திருந்தவர். "ஆனா என் சாவிய முடிச்சுக் குடுத்துட்டீங்கன்னா…"

ஏப்ரல் 6, திங்கள்

கையெழுத்துப் போட்டாயிற்று. சாட்சி தங்கச்சி. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே அழுதுவிட்டாள்.

மே 24, ஞாயிறு

மதியம் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். கனவில் அவர் என்னை நடைமேடையில் விட்டுவிட்டு ரயில் ஏறிவிட்டார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்படி ஒரு துக்கத்தை நான் வாழ்நாளில் பட்டதில்லை. தேம்பிக்கொண்டே எழுந்தேன். குளியலறையில் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தவர் ஈரக் கையோடு ஓடிவந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"என்னை விட்டுட்டு ரயில்ல போயிட்டீங்க."

"எந்த ஊருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கதான போனீங்க!"

"டிக்கெட்டாவது எடுத்தேனா?"

அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்து தொலைத்தது. மார்ச் மாதமாக இருந்தால் இந்த அழுகையை அத்தாட்சி என்று பத்திரப்படுத்தி வைத்திருப்பேன். இப்போது அது தேவைப்படவில்லை. தோளில் அவர் கை பட்ட இடம் ஜில்லென்று நனைந்திருந்தது, அவர் இங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

"குழாய்க்கு வாஷர் வாங்கணும்" என்றார். "தனியா போனா ரயில் ஏறிட்டேன்னு சொல்லுவ. ரெண்டு பேருமா போலாம், வா."

முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினேன்.