இருபது மனிதக் கட்டங்கள்

2 பிப்ரவரி 2024, வெள்ளி
கும்மிடிப்பூண்டி கம்பெனியில் இரண்டு கன்வேயர் டிராயிங் முடித்தேன். திரும்பும் வழியில் பார்த்தேன், ஊர் அம்மன் கோயிலை முழுக்க இடித்துவிட்டார்கள். புதிதாகக் கட்டப் போகிறார்கள். பைக் விபத்துக்குப் பிறகு ஆறு வருடமாக அந்த ஐந்து படிக்குக் கீழே, சக்கர நாற்காலியில் இருந்தபடியே கும்பிட்டவள் நான். அம்மா உள்ளே போய்க் குங்குமம் வாங்கி வருவாள்.
இந்த முறை ஒரு சாய்தளம் கேட்டால் என்ன?

4 பிப்ரவரி, ஞாயிறு
கேட்டேன். கமிட்டித் தலைவர் முனுசாமி பெரியப்பாதான். “சாமி கோயிலு ஈசு. ஆஸ்பத்திரி மாதிரி சறுக்கு வெச்சா நல்லாவா இருக்கும்? நாங்க நாலு பேரு தூக்கிக்கினு போறோம், வா.”
அன்பாகத்தான் சொன்னார். அதுதான் பேஜாரு. துப்பட்டா ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், மூட்டை மாதிரி — எனக்கு வேணாம்பா. வேணவே வேணாம்.

11 பிப்ரவரி, ஞாயிறு
ஸ்தபதி சடையப்பன் வந்திருந்தார். கயிறு பிடித்துத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார். எட்டுக்கு எட்டு, அறுபத்து நான்கு கட்டம். நடுவில் நான்கு பிரம்மனுக்கு. சுற்றிப் பன்னிரண்டு தேவர்களுக்கு. அதற்கு வெளியே இருபது மனிதர்களுக்கு. ஓரத்து இருபத்தெட்டு பிசாசுகளுக்கு.
“அந்த இருவதுல நான் வருவேனா, மாட்டேனா?” கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கமாகப் போயிற்று.
ஸ்தபதி மட்டும் கிட்டே வந்தார். “கோயில் நிக்கிற பீடத்தைத் தாழ்த்த முடியாதும்மா. கருவறை, விமானம் எல்லா அளவும் கெட்டுடும். வேற வழி இருந்தா வரைஞ்சு காட்டுங்க. நீங்க டிராயிங் போடுறவங்களாமே?”

15 பிப்ரவரி, வியாழன்
பீடம் இரண்டரை அடி. ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஆக முப்பது. வாசலிலிருந்து ரோடு பதினெட்டே அடி. ஆறு தாள் கிழித்தாயிற்று.

17 பிப்ரவரி, சனி
எதற்கு முன்பக்கமே? எல்லோரும் வலம் வந்துதானே உள்ளே போகிறார்கள்! தெற்கே போய், பின்புறம் சுற்றி, வடக்குச் சுவரோரம் ஏறினால் மண்டபத்தின் வடக்கு வாசல். முப்பத்திரண்டு அடி கிடைக்கிறது. அதுவும் மனிதக் கட்டத்திலேயே!

18 பிப்ரவரி, ஞாயிறு
ஸ்தபதி தாளை வெகுநேரம் பார்த்தார். “வடக்குலதானேம்மா கோமுகி? அபிஷேகத் தண்ணி எங்க போவும்?”
போச்சு என்று நினைத்தேன். பிறகு பென்சிலை வாங்கி, சாய்தளத்தைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வரைந்தேன். அந்த இடைவெளியில் தண்ணீர் விழுந்து வாய்க்காலில் ஓடட்டும்.
அளந்தார். மறுபடியும் அளந்தார். “ஒரு அளவும் கெடல பெரியவரே. வைக்கலாம்.”
பெரியப்பா மோவாயைச் சொறிந்தார். “கோயில் கணக்குல ஒக்காருதுன்னா எனக்கு இன்னா? ஆனா கல்லுலதான் போடணும். சிமெண்டு போட்டு அசிங்கம் பண்ணக்கூடாது, சொல்லிட்டேன்.”
அம்மா அழுதாள். நான் இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டேன்.

14 பிப்ரவரி 2025, வெள்ளி
குடமுழுக்கு முடிந்து நான்காவது நாள். வேலை முடிந்து நேராகக் கோயில். சாய்தளத்தில் ஒரே கூட்டம். பிள்ளையை இடுப்பில் வைத்தவர்கள், முட்டிவலிக்காரர்கள், ஒரு காரணமும் இல்லாமல் அந்த வழியாக ஏறுகிறவர்கள். எனக்கு முன்னால் பதினேழு பேர்.
“நவுருங்கப்பா, ஈசு வந்துக்கினு கீறா!” மேலே இருந்து பெரியப்பா குரல் கொடுத்தார்.
வேண்டாம் என்று கையைக் காட்டினேன். வரிசையில் நின்றேன்.
நின்றேன் என்றுதான் எழுத வருகிறது.