வராதவர் வீட்டு வழியாக

என் அருமை மதினிக்கு,

நீங்கள் போய் மூன்று மாதம் கழித்துத்தான் எழுத முடிந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளை இப்போதுதான் மதியத் தூக்கம் போட்டிருக்கிறான். மூச்சு விடுகிறானா என்று இரண்டே தடவைதான் எழுந்துபோய்ப் பார்த்தேன். முன்பு எத்தனை தடவை பார்ப்பேன் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன?

நம் ஓட்டக் குழுவுக்கு நீங்கள் வைத்தது ஒரே சட்டம். ஒருவர் மூன்று நாள் வரவில்லையென்றால் நாலாம் நாள் ஓட்டம் அவர் வீட்டு வழியாக. கதவைத் தட்டக் கூடாது, ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாது. வாசலில் இரண்டு கைதட்டல், நிற்காமல் போய்விட வேண்டும்.

இவன் பிறந்த புதிதில், குளிக்கப் போனால்கூடப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நடுங்கிக்கொண்டு கிடந்தேன். ஒரு நாளும் ஓடாத என் பெயரை நீங்களாகவே குழுவில் எழுதினீர்கள். எதற்கு? வராதவர் கணக்கில் நானும் வர வேண்டும் என்பதற்கு! டாக்டரிடம் கூட்டிப்போனதும் நீங்கள்தான். "மாத்திர அது வேலையப் பாக்கும், நீ உன் வேலையப் பாரு" என்றீர்கள்.

தினமும் வாசலில் இரண்டு கைதட்டல். பதினோராம் நாள் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். தெருமுனை வரைதான் ஓடினேன். "ஆத்தாடி, இம்புட்டுத் தூரமா! நாளைக்கு டீக்கடை வரைக்கும்" என்று சிரித்தீர்கள்.

அப்படிப்பட்ட உங்களைப் பத்தே நாள் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். உங்களோடு தினமும் ஓடிய என் அண்ணன், பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் வரவில்லை. சட்டப்படி நாலாம் நாள் உங்கள் தெருவுக்குப் போனோம். நான்தான் முதலில் கை தட்டினேன். அண்ணன் வெளியே ஓடிவந்தார்.

"எழவு வீட்டு வாசல்ல கை தட்டுறீங்களே, நீங்கள்லாம் மனுசங்கதானா?"

அது எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று மதினி? படித்தவள்தானே நான்? அன்றோடு ஓட்டம் கண்மாய்க்கரைப் பக்கம் மாறியது. அந்தத் தெருப் பக்கம் யாரும் திரும்பவில்லை.

அண்ணன் ஜெராக்ஸ் கடையைத் திறப்பதே இல்லை. சாப்பாடு கொண்டுபோனால் கதவைப் பாதி திறந்து தூக்குவாளியை வாங்கிக்கொள்வார். ஒரு வார்த்தை பேசுவதில்லை. நான் அடைந்து கிடந்த இருட்டு எனக்குத் தெரியும். உங்களோடு சேர்த்து அவரையும் விட்டுவிடுவதா? என்னால் முடியாது.

போன வாரம் டீக்கடையில் சொல்லிவிட்டேன், "நாளையிலேருந்து அண்ணன் வீட்டு வழிதான். கை மட்டும் யாரும் தட்ட வேணாம்."

ஆட்டோ ஓட்டும் கண்ணன் அண்ணே மட்டும் உடனே தலையாட்டினார். "வஞ்சா வையட்டும்மா. எம்பொண்டாட்டி வையாத வசவா?"

மறுநாள் காலை பிள்ளையை இவரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். வாசலில் தயங்கி நின்றதைப் பார்த்து, "போம்மா, மூச்சு நல்லா ஓடுது. நீயும் ஓடு" என்றார்.

ஆறு நாள் சத்தமில்லாமல் ஓடினோம். செருப்புச் சத்தமும் ஷூச் சத்தமும்தான். உங்கள் ஜன்னல் திறக்கவே இல்லை. கண்ணன் அண்ணே வாயைத் திறக்காமல் ஓடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இன்று காலை அண்ணன் கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தார். தாடியும் கசங்கிய கைலியும். திட்டப்போகிறார் என்றே நினைத்தேன்.

"என்ன, இப்பல்லாம் கை தட்டுறதில்லயா?" என்றார்.

கண்ணன் அண்ணேதான், "நீ வந்து தட்டு மாப்ள, எங்களுக்குக் கை வலிக்குது" என்றார்.

நான் தட்டினேன் மதினி. இரண்டே தட்டு. உங்கள் சட்டப்படி நிற்காமல் ஓடினேன். திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது, பார்க்கவில்லை. தெரு திரும்பும்போது பின்னால் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. பால் பாக்கெட் எடுக்கத்தான் திறந்தாரோ? எனக்குத் தெரியாது.

நாளைக்கும் அந்த வழிதான். நாளை மறுநாளும். எனக்கே பயம் பிடித்து எழ முடியாத காலையிலும் எழுந்து போவேன். அண்ணன் தெருமுனை வரைக்கும் வருகிற நாளில், உங்களுக்குப் பதிலாக நான் சொல்வேன்: "ஆத்தாடி, இம்புட்டுத் தூரமா!"

ஓடாத நாளிலேயே நீங்கள் பெயர் எழுதிச் சேர்த்த,
உங்கள் நாத்தனார்
மீனா