காரைக்காலில் பிறந்த ஆம்ப்ரோஸ்

சேசு மரி சூசை

ரேஸ் கோர்ஸ் ரோடு, சிங்கப்பூர்
3 நவம்பர் 1963

அன்புள்ள மகன் சவரிராஜுக்கு, அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே ஒரு குறையுமில்லை என்று எழுதுவதுதான் முறை. அம்மாவுக்கு முழங்கால் வீக்கம், எனக்குத் தூக்கமில்லை, மற்றபடி குறையில்லை. அந்தக் குளிரில் நீ சுகமாயிருக்க மன்றாடுகிறோம். இங்கே மழை விடவில்லை, ஃபேரர் பார்க் திடலில் பந்து விளையாடுகிறவர்கள் நீந்தப் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.

பெல்வில் என்ற நம் குடும்பப் பெயரைப் பார்த்து, வம்சத்தில் எந்த வெள்ளைக்காரத் துரை இருந்தார் என்று மார்சேய் பட்டறையில் கேட்பதாக எழுதியிருந்தாய். ஒருவரும் இல்லை. உன் பூட்டன் சின்னப்பன் காரைக்கால் துறைமுகத்தில் மூட்டை எண்ணியவர். சாதி வழக்கத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்குக் கீழே வருகிறேன் என்று கையெழுத்துப் போட்டவர்கள் ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் இதை வைத்துக்கொண்டார். பெண் எடுப்பதை மட்டும் பழைய சாதியிலேயே வைத்துக்கொண்டார்.

அது இருக்கட்டும். உன் தங்கும் அனுமதி டிசம்பரோடு முடிகிறது, பிரெஞ்சுக் குடியுரிமைக்கு நான் காரைக்காலில் பிறந்த சான்று வேண்டும் என்றாய். என் பழைய ஞானஸ்நானச் சீட்டைக் கரையான் தின்றுவிட்டதால் அந்தப் பங்குக் கோயிலுக்கு எழுதினேன். உபதேசியார் பொறுப்பான மனிதர், ஒன்று கேட்டதற்கு இரண்டு அனுப்பினார். முதலாவதில் ஆம்ப்ரோஸ் பெல்வில் 1903இல் ஞானஸ்நானம் பெறுகிறான். இரண்டாவதில் அதே ஆம்ப்ரோஸ் 1905இல் வாந்திபேதி கண்டு அடக்கமாகிறான். நான் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு உன் பிரிஜட் அத்தையிடம் போனேன். "உனக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தாண்டா. செத்த புள்ள பேர அடுத்த புள்ளைக்கு வெக்கிறதுதானே நம்ம வழக்கம்? நீ நாங்க இங்க வந்தப்புறம் பொறந்தே" என்றாள். இங்கே லூர்து மாதா கோயில் பதிவேட்டில் பார்த்தேன், 1907இல் நான் இருக்கிறேன். பெட்டியில் கிடந்த அண்ணன் சீட்டில் பெயர் சரியாயிருந்ததால் அதைக் கொடுத்தே என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார்கள். அவன் வயதில் வேலைக்குப் போனேன், அவன் வயதில் நான்கு வருடம் முன்னதாகவே ஓய்வும் பெற்றுவிட்டேன். என் பிறப்பை உன் தாத்தா பிரெஞ்சுக்காரர்களிடம் பதியவில்லை. ஆகையால் நீ கேட்கிற சான்று அவனுக்குத்தான் உண்டு, எனக்கில்லை.

"ரெண்டாவது சீட்டக் கிழிச்சுப் போடு லா. புள்ள அங்க நல்லாயிருக்கட்டும். செத்தவனா வந்து சாட்சி சொல்லப் போறான்?" என்றாள் அத்தை. அம்மா முதல் சீட்டை உறையிலிட்டு, தபால்தலை ஒட்டி, மேசைமேல் வைத்துவிட்டாள். இரண்டு நாள் அது அங்கேயே இருந்தது. நேற்றுக் கல்லறைத் திருநாள். நம் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிப் பூசைக்குக் கொடுப்பது என் வேலை, உனக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் அவன் பெயரை ஒருமுறையும் எழுதியதில்லை. பெயர் என்னிடம் உயிரோடு இருந்ததால் அவனுக்காக மன்றாட ஒருவருக்கும் தோன்றவில்லை. நேற்று எழுதிக் கொடுத்தேன். சாமியார் வாசித்ததும் பக்கத்து பெஞ்சுக்காரர் திரும்பி, "என்ன பெல்வில், நீங்க இன்னும் இங்கதான் இருக்கீங்களா?" என்றார். வீட்டுக்கு வந்து உறையைப் பிரித்துச் சீட்டை எடுத்துவிட்டேன்.

நீ ஜனவரியில் கப்பலேற வேண்டியிருக்கும் என்று தெரிந்துதான் செய்தேன், மகனே. கோபப்படு, நியாயந்தான். அம்மாவும் என்னோடு பேசுவதில்லை. இரண்டு வயதுப் பிள்ளையிடமிருந்து தெரியாமல் எவ்வளவோ வாங்கிக்கொண்டேன். தெரிந்து வாங்க முடியவில்லை. கழுத்துக்குக் கம்பளி சுற்றாமல் வேலைக்குப் போகாதே. மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். மறந்துவிடாதே, படிவத்தில் அப்பா பிறந்த இடம் சிங்கப்பூர் என்று எழுது.

உன் அப்பா,
ஆம்ப்ரோஸ் பெல்வில்