சர்வீஸ் யார் கையில்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு மேல் சொல்லிக்கொடுப்பதற்குள் நான் நின்றுவிட்டேன். தப்புத்தவறு இருந்தால் சிரிக்காதே. போனில் எனக்குப் பேச்சு வராது. அதுவும் நீ டேபிள் டென்னிஸ் போட்டிக்குப் போயிருக்கும் இடத்தில் உன் கோச்சின் போனில், அவர் பக்கத்தில் நிற்கும்போது, சுத்தமாக வராது.

தையல் கம்பெனியில் பட்டன் தைக்கும் வேலை பரவாயில்லாமல் இருந்தது. இப்போது என்னைச் சட்டைக் காலருக்கு மாற்றியிருக்கிறார்கள். அப்பாவின் வலி மாத்திரை நேரத்துக்கு வீட்டுக்கு ஓடி வந்து போக சூப்பர்வைசர் அம்மா விடுகிறார். ஏன் என்று கேட்பதில்லை.

அம்மா உன்னிடம் போனில், "அப்பா ஜெயிச்சிட்டாருடி, இனிமே மருந்தே வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்று சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். டாக்டர் சொன்னதும் அதே வார்த்தைதான். "இனிமே ஊசி, மருந்தெல்லாம் வேணாம்மா. வலி மாத்திரை மட்டும் போதும், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. பிடிச்சதைக் குடுங்க" என்றார். அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிப் படியிறங்கும்போதே எதிரில் வந்தவர்களிடமெல்லாம் அம்மா சொல்லத் தொடங்கிவிட்டாள். கீழ் வீட்டுக்காரர் பழம் வாங்கி வந்தார். பணிமனையிலிருந்து டயர் மாமா வந்து, "எமனுக்கே ஸ்மாஷ் அடிச்சு அனுப்பிட்டியேடா, உன் பஸ்ஸுக்கு பிரேக் பிடிக்கத்தான் ஆளில்ல, சீக்கிரம் வா" என்று சிரித்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் சிரிப்பைக் காணோம்.

அக்கா, மறந்துவிட்ட போர்வையை எடுக்க நான் மட்டும் வார்டுக்குத் திரும்பிப் போனேன். அங்கே நர்ஸ் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "மருந்தை நிறுத்தினது குணமானதால இல்லம்மா. இனிமே அது கேக்காது, உடம்பும் தாங்காது. வீட்டுல சொன்னா புரிஞ்சுக்கற மாதிரி பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா" என்று கேட்டார். இருக்கிறார்கள் என்று தலையாட்டினேன். உன்னை நினைத்துக்கொண்டுதான் ஆட்டினேன்.

அப்பாவுக்குத் தெரியும். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது, "உங்கம்மா கொஞ்ச நாள் ஜெயிச்சவளா இருந்துட்டுப் போகட்டும். நீ வழக்கம்போல வாயை மூடிக்கிட்டிரு, ஊமைக்கோட்டான்" என்றார். பேசு பேசு என்று இத்தனை வருடம் திட்டியவர், பேசாமல் இருப்பதையே எனக்கு ஒரு வேலையாகக் கொடுத்திருக்கிறார். அம்மா இப்போது வேலை செய்யும்போது பாடுகிறாள். கேட்க முடியவில்லை.

என்னிடம் மட்டும் அப்பா ஸ்கோர் சொல்வார். குடித்த பால் வயிற்றில் தங்கினால் அவருக்கு ஒரு பாயிண்ட். வலி வந்தால் எதிராளிக்கு. பத்துக்குப் பத்தாகி டியூஸிலேயே நிற்கிறது என்பார். யாராவது இரண்டு பாயிண்ட் முன்னால் போகும் வரை ஆட்டம் முடியாது இல்லையா, அதனால் டியூஸ் என்று கேட்டாலே எனக்கு நிம்மதியாக இருக்கும். நேற்று அவராகச் சொல்லவில்லை. நான் கேட்டேன். "சர்வீஸ் அவன் கையில இருக்கு" என்றார். டியூஸில் மாறி மாறித்தானே சர்வீஸ், அடுத்தது உங்களுடையதுதானே என்றேன். "ரூல் பேசுறா பாரு" என்று சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்துவிட்டது. பிறகு பேட்டைக் கேட்டார். பணிமனை ஓய்வறையில் உனக்கு ஆடச் சொல்லிக்கொடுத்தாரே, அதே பேட்தான். கையில் கொடுத்தேன். தூக்க முடியவில்லை. நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிவிட்டார்.

உனக்கு இதையெல்லாம் எழுதக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். "அவ ஆடி முடிக்கட்டும். நடுவுல திரும்பிப் பார்த்தா பந்து போயிடும். கப்போட வரச்சொல்லி மட்டும் எழுது" என்றார். எழுதிவிட்டேன். மற்றதையும் எழுதிவிட்டேன். வாயை மூடிக்கொள்ளத்தான் சொன்னார், கையை இல்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

எனக்கு ஒரு சந்தேகம் அக்கா. அடுத்த வாரம் முதல் சுற்றில் தோற்கிறவர்கள் அன்று சாயங்காலமே ஊருக்குக் கிளம்பிவிடலாமா? இல்லை, இறுதி ஆட்டம் முடியும் வரை எல்லாரும் அங்கேயே இருந்தாக வேண்டுமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

நீ நன்றாக ஆடு. அப்பாவின் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். அதில் யாரையும் உட்கார விடுவதில்லை.

உன் அன்புத் தங்கை,
ஊமைக்கோட்டான்